கவராயம் பிடிக்கும்போது கவனிக்க வேண்டியவை

செவ்வியல் வடிவியல் வரைதலுக்குத் தேவை இரண்டே கருவிகள்: கவராயம், அளவுகோல். அளவுகோல் நேர்கோடு இழுக்க மட்டும்தான். அதிலுள்ள எண்களுக்கு அங்கே வேலையே கிடையாது, பாகைமானிக்கும் அப்படியே. அதனால் துல்லியம் முழுக்கக் கவராயத்தைப் பொறுத்தது.

முதலில் கவராயத்தின் திருகை இறுக்குங்கள். வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேரவில்லையென்றால் கால் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். தாளுக்கு அடியில் நாலைந்து தாள்கள் வைத்தால் ஊசி வழுக்காது. மேலே உள்ள குமிழைப் பிடித்துச் சுழற்றுங்கள், காலைப் பிடிக்க வேண்டாம்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று. மையக்குத்துக்கோடு, அதாவது ஒரு கோட்டுத்துண்டைச் செங்குத்தாகச் சரிபாதியாக வெட்டும் கோடு, வரைய அதன் இரு முனைகளையும் மையமாக வைத்து விற்கள் (வட்டத்தின் பகுதிகள்) வரைந்து, அவை கோட்டின் இரு பக்கமும் வெட்டும் புள்ளிகளை இணைப்போம். அதற்குக் கோட்டுத்துண்டின் பாதிக்கு மேல் ஆரம் எடுக்க வேண்டும் என்று படித்திருப்போம். சரி, எவ்வளவு மேல்? 10 செ.மீ. கோட்டுக்கு 5.2 செ.மீ. எடுத்தால் விற்கள் உரசியபடி வெட்டும்; வெட்டுப்புள்ளி எது என்றே தெரியாது. இரண்டு புள்ளிகளும் நெருங்கியிருப்பதால் கோடும் எளிதில் சாய்ந்துவிடும். ஏறக்குறைய 7 செ.மீ. எடுத்துப் பாருங்கள். விற்கள் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெட்டும், புள்ளி பளிச்சென்று தெரியும். நீளத்தில் பத்தில் ஏழு பங்கு என்று கண்ணளவில் எடுத்தாலே போதும்.