போனி டெயில் அவிழ்த்தா முடியில விழுற மடிப்ப எப்படி எடுக்கிற?

காலம்பற வேலைக்குப் போகக்குள்ள போனி போட்டுட்டு, பின்னேரம் கலியாண வீட்டுக்கு முடிய விரிச்சு விடுவம் எண்டு அவிழ்த்தா பிடரிக்கு மேல சுத்திவர ஒரு மடிப்பு நிக்கும். மேலயும் நேர், கீழயும் நேர், நடுவில மட்டும் கம்பி வளைச்ச மாதிரி. சீப்பால இழுத்தா போகாது, தேங்காய் எண்ணெய் தடவினாலும் போகாது, எண்ணெய் வெச்சா மடிப்போட சேர்த்து பிசுபிசுப்பும் வரும், அவ்வளவுதான்.

எல்லாரும் இறுக்கிக் கட்டினதாலதான் எண்டு சொல்லுவாங்க, அது பாதி சரி. முடி கெரட்டின் எண்ட புரதம். அதுக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணி பட்டாலும் சூடு பட்டாலும் கழரும், பிறகு காஞ்சு ஆறக்குள்ள முடி எந்த வடிவத்தில இருக்கோ அதே வடிவத்தில திரும்பப் பூட்டிக்கொள்ளும். முடி கட்டுற பேண்ட் சும்மா பிடிச்சு வெச்சிருக்கு, மடிப்பப் போடுறது ஈரம். அதால முழுகிட்டு ஈரத்தோட கட்டவே கூடாது. மேல தொட்டுப் பார்த்துட்டு காஞ்சிட்டு எண்டு நினைக்காதீங்க, விரல பிடரிப்பக்கம் உள்ளுக்க விட்டுப் பாருங்க, அங்கதான் கடைசியா காயும். கச்சான் எண்ட வறண்ட காத்து அடிக்கிற காலத்தில பிரச்சினை இல்ல, கெதியா காஞ்சிடும். நவம்பர், டிசம்பர் மாரியில ஃபேனுக்குக் கீழ இருந்தாலும் லேசில காயாது, அதால அந்த நாளையில முதல் நாள் பின்னேரமே முழுகிடுங்க.

காஞ்ச முடியிலயும் மடிப்பு வாறது வேர்வையால. மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தால ஸ்கூட்டியில போற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, ஹெல்மெட்டுக்குள்ள வேர்த்து, அதுட கீழ் விளிம்பு வேற பேண்ட அமத்தும். ஹெல்மெட் போடக்குள்ள தளர்வா ஒரு பின்னல் பின்னி நுனியில மட்டும் கட்டுங்க, போனிய போய் இறங்கினாப் பிறகு போடலாம்.

பேண்ட்ல எனக்குப் பிடிச்சது சாட்டின் துணி ஸ்க்ரஞ்சி, பெருசா இருக்கிறது. டெலிபோன் வயர் மாதிரி சுருள் பேண்ட் அடர்த்தி குறைஞ்ச முடிக்கு பரவாயில்ல, அடர்த்தி கூடின முடியில சிக்கும். காசு கட்டுற ரப்பர் பேண்ட் வேணவே வேணாம், முடிய அறுத்து எடுக்கும். வீட்டில நிக்கக்குள்ள பெரிய பல்லு கிளிப் போதும்.

சரி, மடிப்பு விழுந்துட்டு, இப்ப எடுப்பம்.

1. ஸ்ப்ரே போத்தல்ல தண்ணி எடுத்து மடிப்பு இருக்கிற இடத்தில மட்டும் அடிங்க. முழுத் தலையும் நனைக்கத் தேவையில்ல, ஆனா மேல்முடிய தூக்கிப் பிடிச்சு உள் அடுக்குக்கும் அடிக்கணும், இல்லாட்டி மேல நேராகி உள்ளுக்க மடிப்பு அப்பிடியே நிண்டு கொஞ்ச நேரத்தில மேல்முடியையும் தள்ளும்.

2. ஒரு நிமிசம் ஊற விட்டு, விரலால நீவி விடுங்க.

3. இங்கதான் கனபேர் வழுக்குறது. முடிய ரெண்டு விரல் அகலத்துக்குப் பிரிச்சு, பிரஷ வேர்ப்பக்கம் மடிப்புக்கு மேல வெச்சு இழுத்துப் பிடிச்சுக்கொண்டு, டிரையர மேலயிருந்து கீழ காட்டுங்க. காஞ்ச உடன பிரஷ எடுத்துடுவாங்க, முடி சூடா இருக்கும், பிணைப்பு இன்னும் பூட்டேல்ல, விட்ட உடன பழைய இடத்துக்கே போகும். பிரஷ எடுக்காம கூல் பட்டன அமத்திக் குளிர்காத்து விடுங்க, அந்தப் பட்டன் இல்லாட்டி இழுத்துப் பிடிச்சபடியே நில்லுங்க. கையால தொட்டா சூடு தெரியக் கூடாது, அதுதான் கணக்கு.

4. முழுசா ஆறும் வரைக்கும் காதுக்குப் பின்னால செருகவும் வேணாம், திரும்பக் கட்டவும் வேணாம்.

அயர்ன் வெச்சிருக்கிற ஆக்கள், ஈர முடியில அதப் போடாதீங்க. "ஸ்ஸ்" எண்டு சத்தம் வந்தா உள்ளுக்க இருக்கிற தண்ணி கொதிச்சு முடியக் கெடுக்குது எண்டு அர்த்தம். நல்லா காய வெச்சு, 150 பாகைக்குக் கிட்ட வெச்சு ஒருக்கா இழுத்தா காணும்.

பிறகு சேர்த்தது: கரண்ட் இல்லாட்டி என்ன செய்யிற எண்டு கேட்டிருந்தீங்க. அதே மாதிரி நனைச்சு, முடிய ரெண்டாப் பிரிச்சு உச்சியிலயிருந்து தளர்வா முறுக்கி தோளுக்கு முன்னால விட்டுக் காய விடுங்க. நேராக வராது, மெல்லிய அலையா வரும், மடிப்பு அதுக்குள்ள மறைஞ்சிடும். அவசரத்துக்கு மடிப்பு இருக்கிற அதே உயரத்தில பாதி முடிய எடுத்துக் கிளிப் போட்டாலும் ஆருக்கும் விளங்காது.

காத்தான்குடியில இருந்து ஒரு தங்கச்சி ஸ்கார்ஃபுக்குள்ள நாள் முழுக்கக் கட்டி வைக்கிறதப் பத்திக் கேட்டா. அதுக்குள்ள காத்து போகாது, அதால கட்டுற இடத்த மாத்திக்கொண்டே இருக்கிறதுதான் வழி, இண்டைக்குப் பிடரியில எண்டா நாளைக்குக் கொஞ்சம் மேல. வீட்டுக்கு வந்து கழட்டினா உடன சீவாம, முதல்ல ஃபேன் காத்தில விரிச்சு விட்டு வேர்வை காஞ்சாப் பிறகு சீவுங்க புள்ள.

ஸ்கூல் போற பிள்ளைகள்ர ரெண்டு பின்னலுக்கும் இதுதான், ஆனா ரிப்பன் கட்டி மடிச்ச இடத்தில விழுறது நுனியில எண்டதால டிரையர் ஒண்டும் தேவையில்ல, ஈரக் கையால நீவி விட்டாலே போகும்.