விசேஷத்துல சாப்பிட்ட நாலஞ்சு பேருக்கு ஒண்ணா வயித்தால போனா என்ன பண்ணணும்

எங்க சொந்தத்துல ஒரு காதுகுத்து, மத்தியானம் சிக்கன் பிரியாணி, மறுநாள் காலைல இருந்து ஒவ்வொருத்தரா காய்ச்சல், வயித்துவலி, பேதி. வெளிய தெரிஞ்சா கேவலம்னு மிச்சத்த கொட்டி அண்டாவ கழுவி கவுத்துட்டாங்க, எதனால வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியவே இல்ல. அந்த தப்ப தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

மொதல்ல உடம்ப பாருங்க. ஓஆர்எஸ் பாக்கெட்ட பிரிச்சு பிரிச்சு போடாம முழுசா, பாக்கெட் மேல போட்டிருக்க அளவு தண்ணில (பெரிய பாக்கெட்டுன்னா 1 லிட்டர்) கரைங்க, கிடைக்கலன்னா 1 லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணிக்கு தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு மறுபடி ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. மலத்துல ரத்தம், விடாத காய்ச்சல், மூத்திரமே போகல, ஆளு துவண்டு கிடக்குதுன்னா காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி, வண்டி இல்லன்னா 108. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்கள சீக்கிரமே காட்டிடுங்க. மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி போடாதீங்க, சால்மோனெல்லாங்கற கிருமியா இருந்தா நல்ல திடமான ஆளுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது, போட்டா கிருமி மலத்துல இன்னும் கொஞ்ச நாள் கூட வந்துட்டு இருக்கும்.

அடுத்து, அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு சொல்லுங்க, இல்ல 104க்கு போடுங்க. ஹெல்த் இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள ஒரு நோட்டுல பேரு, வயசு, என்னென்ன சாப்பிட்டாங்க, எத்தன மணிக்கு, எப்ப ஆரம்பிச்சுதுன்னு எழுதி வைங்க. சாப்பிட்டும் நல்லா இருக்கவங்க பேரும் கட்டாயம் வேணும், ஏன்னா ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டாத்தான் பிரியாணியா, தயிர் பச்சடியா, கத்திரிக்காயான்னு பிடிபடும். நேரமும் துப்பு குடுக்கும்: சாப்பிட்ட ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தின்னா பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரி கிருமி சாப்பாட்டுலயே விட்டுட்டுப்போன நஞ்சு, அரை நாள் ஒரு நாள் கழிச்சு காய்ச்சலோட வந்தா சால்மோனெல்லா மேல சந்தேகம். மிச்ச சாப்பாட்ட ஒவ்வொண்ணையும் சுத்தமான தனித்தனி டப்பால மூடி, பேரு எழுதி, யாரும் எடுத்து சாப்பிடாதபடி ஃப்ரிட்ஜ்ல வைங்க. மலம் டெஸ்டுக்கு கேட்டா கூச்சப்படாம குடுங்க, மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே.

வீட்ல சமைக்கிறவங்களுக்கே பேதின்னா, நின்னு 48 மணி நேரம் ஆகுற வரைக்கும் அடுப்படி பக்கம் விடாதீங்க, பாவம் அவங்களும் படுக்கட்டும், வேற யாராவது கஞ்சி வைங்க, சோப்பு போட்டு கைய கழுவிட்டு.