ஐந்து வயதும் எழுபது வயதும் ஒரே ஹாலில்: வீட்டு விசேஷத்துக்கான விளையாட்டுகள்

வீட்டு விசேஷத்தில் விளையாட்டு சொதப்பினால், பெரும்பாலும் காரணம் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான். 20 பேர் மியூசிக்கல் சேர் ஆடும்போது முதல் சுற்றிலேயே அவுட் ஆன ஆறு வயதுப் பிள்ளை கால் மணி நேரம் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் பார்க்கும், பிறகு அழும், அல்லது நாற்காலியை இழுக்கும். அதனால் எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள்: அவுட் ஆனவர் என்ன செய்வார்? முறை வராதவர் என்ன செய்வார்?

இங்கே எடுத்துக்கொள்ளும் கணக்கு 25 பேர், 5 முதல் 75 வயது வரை, ஒரு ஹால் அல்லது மொட்டை மாடி, இரண்டு மணி நேரம். இதற்கு நான்கு விளையாட்டு தாராளம். ஓட்டம் உள்ளது சாப்பாட்டுக்கு முன், உட்கார்ந்து ஆடுவது சாப்பாட்டுக்குப் பின். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சேர மாட்டார்கள். ஆகவே நடுவில் வந்து சேர்ந்துகொள்ளக்கூடிய ஒன்றால் தொடங்குங்கள்.

பார்சல் சுற்றுவது

அதற்குப் பொருத்தமானது பாஸிங் தி பார்சல், அதாவது பாட்டு ஓடும்போது ஒரு பார்சலை வட்டத்தில் கைமாற்றிக்கொண்டே இருப்பது. ஒரு வட்டத்துக்கு 8 முதல் 15 பேர். அதற்கு மேல் போனால் இரண்டு வட்டம், இரண்டு பார்சல்.

பரிசைக் கெட்டித் தாளில் சுற்றி, அதன் மேல் பழைய செய்தித்தாளை அடுக்கடுக்காகச் சுற்றுங்கள். 12 பேருக்கு 14 அடுக்கு. மிச்சம் இரண்டு, தாமதமாக வருபவர்களுக்கு. ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் ஒரு கடலை மிட்டாயோ சாக்லேட்டோ வையுங்கள். இப்படி வைத்தால் யாரையும் அவுட் ஆக்க வேண்டியதில்லை. பாட்டு நின்றபோது கையில் பார்சல் இருப்பவர் ஓர் அடுக்கைப் பிரித்து மிட்டாயை எடுத்துக்கொண்டு, வட்டத்திலேயே இருப்பார்.

சொதப்பும் இடம் இரண்டு. ஒன்று, செல்லோடேப். அடுக்குக்கு விரல் நீளத்தில் ஒரே துண்டு போதும். சுற்றிச் சுற்றி ஒட்டினால் சின்னப் பிள்ளையால் கிழிக்க முடியாது, மற்றவர்கள் பொறுமை இழப்பார்கள். இரண்டாவது, இழுத்த வேகத்தில் மூன்று அடுக்கு ஒன்றாகக் கிழிவது. ஓர் அடுக்கு செய்தித்தாள், அடுத்த அடுக்கு பழுப்புத்தாள் என்று மாற்றிச் சுற்றினால் எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும்.

பாட்டை 10 முதல் 20 நொடிக்குள் நிறுத்துங்கள், ஒவ்வொரு தடவையும் வேறு அளவில். நிறுத்துபவர் வட்டத்துக்கு முதுகு காட்டி நிற்பது முறை. சின்னப் பிள்ளைகள் அதிகமாக இருந்தால் மட்டும் ஓரக்கண்ணால் பார்த்து, எல்லாருக்கும் ஒரு முறையாவது வரும்படி நிறுத்தலாம். கள்ளாட்டம்தான், ஆனால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

மியூசிக்கல் சேர்

பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒரே ஆட்டத்தில் கலக்காதீர்கள். மோதினால் அடி சின்னவர்களுக்குத்தான். கைப்பிடி இல்லாத நாற்காலிகளை முதுகோடு முதுகாக இரண்டு வரிசையாகப் போடுங்கள். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சாக்ஸ் போட்ட காலும் வழுக்கும். சாக்ஸைக் கழற்றச் சொல்லுங்கள்.

20 பேர் என்றால் ஒவ்வொரு நாற்காலியாக எடுத்தால் 19 சுற்று ஆகும். 17 நாற்காலியில் தொடங்கி, சுற்றுக்கு மூன்றாகக் குறைத்தால் நான்கே சுற்றில் எட்டுப் பேர் மிஞ்சுவார்கள். அதன் பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள். மொத்தம் 11 சுற்றில் முடிந்துவிடும். அவுட் ஆனவர்களுக்கு நாற்காலி எடுக்கும் வேலை, யார் முதலில் உட்கார்ந்தார் என்று பார்க்கும் வேலை. நடுவர் பதவியைத் தாத்தாவுக்குக் கொடுத்தால் தீர்ப்பை யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

தம்போலா

எல்லா வயதுக்கும் எத்தனை பேருக்கும் ஒத்துவரும் ஆட்டம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் தம்போலாதான். ஹவுசி என்பதும் இதுவே. ஒருவர் எண்களை அறிவிக்க, தன் டிக்கெட்டில் இருக்கும் எண்ணை அவரவர் அடித்துக்கொண்டே வர வேண்டும். தவறாகப் பரிசு கேட்டால் தவிர யாரும் அவுட் ஆவதில்லை, எழுந்து ஓட வேண்டியதில்லை.

டிக்கெட்டில் மூன்று வரிசை, ஒன்பது பத்தி. வரிசைக்கு ஐந்து எண், மொத்தம் 15. முதல் பத்தியில் 1 முதல் 9, இரண்டாவதில் 10 முதல் 19, இப்படியே போய்க் கடைசியில் 80 முதல் 90.

1. ஆளுக்கு ஒரு டிக்கெட்டும் ஒரு பேனாவும் கொடுங்கள். புளியங்கொட்டை வைத்து மறைக்கும் யோசனை கேட்க நன்றாக இருக்கும். ஃபேன் காற்றில் டிக்கெட்டோடு சேர்ந்து பறக்கும்.

2. பரிசுகளை முன்பே சொல்லிவிடுங்கள்: முதலில் ஐந்து எண் அடித்தவருக்கு ஒன்று, நான்கு மூலைக்கு ஒன்று, மூன்று வரிசைக்கு ஒவ்வொன்று, 15 எண்ணும் அடித்தவருக்குப் பெரிய பரிசாக ஃபுல் ஹவுஸ். நான்கு மூலை என்பது கட்டத்தின் மூலை அல்ல, மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் உள்ள முதல் எண்ணும் கடைசி எண்ணும். இதைச் சொல்லாமல் விட்டால் ஆட்டத்தின் நடுவில் வாக்குவாதம் நிச்சயம்.

3. 1 முதல் 90 வரையிலான எண்களைக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து அறிவியுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லுங்கள். பிள்ளைகள் பலருக்கு எழுபத்தாறு என்றால் தடுமாற்றம், பாட்டிக்கு செவன்ட்டி சிக்ஸ் தடுமாற்றம். தேர்ட்டீனும் தேர்ட்டியும் ஒரே மாதிரி கேட்கும் என்பதால் 'ஒன்று, மூன்று, பதிமூன்று' என்று இலக்கங்களைப் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

4. எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையில் ஏழெட்டு நொடி விடுங்கள். அதற்குக் கீழே போனால் பெரியவர்கள் பின்தங்குவார்கள்.

5. சொன்ன எண்களை ஒருவர் தனியாகக் குறித்துக்கொண்டே வர வேண்டும். பரிசு கேட்டவரின் டிக்கெட்டை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த எண் சொல்வதற்குள் கேட்டால்தான் செல்லும். தவறாகக் கேட்டால் டிக்கெட் போகி, அதாவது ஆட்டத்திலிருந்து நீக்கம். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு மன்னிப்பு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6. ஒரே எண்ணில் இரண்டு பேர் கேட்டால் பரிசைப் பங்கிட வேண்டும். அதனால் உடைத்துக் கொடுக்கக்கூடிய பரிசாக வாங்குங்கள். சாக்லேட் பாக்கெட்டைப் பிரிக்கலாம், டிபன் பாக்ஸைப் பிரிக்க முடியாது.

25, 30 டிக்கெட் இருந்தால் ஃபுல் ஹவுஸ் பெரும்பாலும் 70ஆவது எண்ணை ஒட்டித்தான் விழும். சரிபார்க்கும் நேரமும் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு 15, 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

டம்ப் ஷராட்ஸ்

ஒருவர் படப் பெயரைப் பேசாமல் நடித்துக் காட்ட, அவருடைய அணி கண்டுபிடிக்க வேண்டும். 25 பேரை ஆறு ஆறாக நான்கு அணியாக்கி, மிச்சம் ஒருவரை நடுவராக வையுங்கள். வீட்டுக்கு வீடு பிரிக்காமல், ஒவ்வோர் அணியிலும் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் வரும்படி பிரிக்க வேண்டும். படப் பெயர் எழுதிய சீட்டு 30 தயார் செய்யுங்கள்: பத்து கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள், பத்து எண்பதுகள், தொண்ணூறுகள், பத்து இப்போதையவை. இரண்டு மூன்று சொல் உள்ள பெயர்களே நல்லவை. நடிப்பவர் விரலால் சொல் எண்ணிக்கையைக் காட்டலாம். உதடு அசைக்கக் கூடாது, காற்றில் எழுத்து எழுதக் கூடாது. ஒன்றரை நிமிடம். அதற்குள் வராவிட்டால் மற்ற அணிகளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. முறை வராத 18 பேரும் விழித்திருக்க இந்த விதிதான் காரணம்.

பாட்டுக்குப் பாட்டு

நேரம் மிஞ்சினால் இது. ஒருவர் பாடி முடித்த எழுத்தில் அடுத்தவர் பாட்டைத் தொடங்க வேண்டும். சாமான் எதுவும் வேண்டாம், ஒரு விதி மட்டும் முன்கூட்டியே வேண்டும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை. ஆனால் பாட்டுகள் 'ன்' என்றும் 'ல்' என்றும்தான் அடிக்கடி முடியும். அங்கேதான் ஆட்டம் நின்று சண்டை தொடங்கும். 'ன்', 'ண்' வந்தால் 'ந' வரிசையில் பாடலாம். ராத்திரி, ராஜா என்று வழக்கில் நிறைய இருப்பதால் 'ர்' வந்தால் 'ர' வரிசையே போகட்டும். 'ல்', 'ழ்', 'ள்', 'ற்', 'ட்' வந்தால் அதற்கு முந்தைய எழுத்து. 'கடல்' என்று முடிந்தால் முந்தையது 'ட'. அதுவும் ஆகாது என்பதால் இன்னும் ஓர் எழுத்து பின்னால் போய் 'க'.

யோசிக்க 20 நொடி. எண்ணும் வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களுக்குப் பழைய பாட்டு தெரியாது, ஆனால் இருபது வரை உரக்க எண்ணத் தெரியும்.