வடாம் போடாத மாதத்தில் பரிசு செய்கிறவர்கள் பிசகும் இடங்கள்

கார்த்திகை, மார்கழியில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் யாரும் வடாம் போடுவதில்லை. காயாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் கையால் செய்து கொடுக்கிற பரிசுகளை அதே ஈர மாதங்களில்தான் செய்கிறோம். சோப்பு, பசை ஒட்டிய அட்டை, வண்ணம் பூசிய அகல், வறுத்த முந்திரி என்று எதை எடுத்தாலும் ஈரம் போனால்தான் அது பொருள். வீட்டில் செய்த பரிசு கைத்திறன் போதாமல் கெட்டுப்போவது அபூர்வம். நாள் கணக்கு தப்பித்தான் பெரும்பாலும் கெடுகிறது.

யாருக்கு எதைக் கொடுப்பது என்று பெயர்ப் பட்டியல் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் முதல் தவறு. எது எத்தனை நாளில் தயாராகும் என்று முதலில் எழுதுங்கள். காஸ்டிக் சோடா போட்டுச் செய்யும் சோப்புக்குக் குறைந்தது 4 வாரம். மழைக்காலத்தில் 5 அல்லது 6. வாசனை மெழுகுவர்த்திக்கு ஒரு வாரம். தைத்த நோட்டுக்கு 2 நாள், அட்டை ஒட்டிய நோட்டுக்கு 4 நாள். முந்திரி மட்டும் கொடுப்பதற்கு முந்தின நாள் வறுத்தால் போதும். இடையில் புயல் வந்து ஒரு வாரத்தைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'தானே' புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30, 'ஃபெஞ்சல்' புயல் 2024 நவம்பர் 30. இரண்டும் பரிசு செய்கிற பருவம்தான்.

இரண்டாவது தவறு பணத்தில். அத்தைக்கு மெழுகுவர்த்தி, அக்காவுக்கு சோப்பு, நண்பருக்கு நோட்டு என்று ஆளுக்கொன்றாகத் திட்டமிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி வாசனை எண்ணெய், தனிக் கருவி வாங்க வேண்டும். மீதி எல்லாம் பரணில் கிடக்கும். 10 பேருக்கும் ஒரே பொருளைச் செய்தால்தான் செலவு குறையும். மூன்றாவதைச் செய்யும்போதே கையும் பழகிவிடும்.

நோட்டுப் புத்தகம்: மலிவானது, ஆனால் அவசரம் தாங்காது

கைக்காகிதத்துக்குப் புதுச்சேரியில் பஞ்சமில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்கிறது. அந்தத் தாளை உள்பக்கங்களுக்கும் போடுவதுதான் பலர் செய்யும் வீண் செலவு. தடித்த தாளை நான்கைந்துக்கு மேல் சேர்த்து மடித்தால் நோட்டு வாய் பிளந்து நிற்கும், எழுதவும் வராது. கைக்காகிதம் அட்டைக்கு மட்டும் போதும். உள்ளே சாதாரண ஏ4 தாள்.

கணக்கு இப்படி வரும். ஒரு நோட்டுக்கு 8 ஏ4 தாள். மடித்தால் 32 பக்கம். அட்டைக்கு 22 × 31 செ.மீ. துண்டு ஒன்று. 56 × 76 செ.மீ. முழுத் தாளில் இப்படி 4 துண்டு எடுக்கலாம். ஆகவே 10 நோட்டுக்கு 80 ஏ4 தாள், 3 கைக்காகிதத் தாள், தடித்த பருத்தி நூல் 6 மீட்டர். ஒரு கட்டு ஏ4 தாளை அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் பங்கு போட்டு வாங்கினால் இன்னும் சல்லிசு.

கைக்காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார்கள். அதன் அழகே பிசிறு விட்ட ஓரம்தான். வெட்டியதும் அது கடையில் வாங்கிய சார்ட் பேப்பர் மாதிரி ஆகிவிடும். கிழிக்க வேண்டிய கோட்டில் தாளை முன்னும் பின்னும் இரண்டு முறை மடித்து, அந்த மடிப்பின் மேல் ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுங்கள். அரை நிமிடம் விட்டு, இரு பக்கமும் மெதுவாக இழுத்தால் நார் நாராகப் பிரிந்து பழைய ஓரம் போலவே வரும். தண்ணீர் அதிகமானால் ஓரம் உப்பிக் கூழாகும். தூரிகையை ஒருமுறை துணியில் ஒற்றிவிட்டு இழுப்பது நல்லது.

தையலுக்கு 3 துளை போதும்: மடிப்பின் நடுவில் ஒன்று, மேலிருந்தும் கீழிருந்தும் 4 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. தாள்களைத் தனித்தனியாகக் குத்தாமல், அட்டையோடு சேர்த்துக் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டு ஒரே குத்தாகக் குத்துங்கள். நூல் 55 செ.மீ.; அதை ஒரு மெழுகுவர்த்தியின் மேல் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் சிக்காது. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே ஊசியை விட்டு, 8 செ.மீ. வாலை உள்ளேயே விடுங்கள். வெளிப்புறமாக மேல்துளைக்குப் போய் உள்ளே வாருங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே போய், மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வர வேண்டும். பெரும்பாலும் தவறு இங்கேதான் நடக்கிறது: திரும்ப வரும் ஊசி, ஏற்கனவே துளையில் இருக்கும் நூலைக் குத்திக் கிழித்துக்கொண்டு வரும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் தையல் இறுகாது. முதல் நூலை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு ஊசியை விடுங்கள். கடைசியில் இரண்டு முனைகளும் உள்ளே ஓடும் நீள நூலின் இரு பக்கமும் இருக்கும்படி வைத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரே பக்கத்தில் முடிந்தால் நாலாம் நாள் அந்த நூல் தொளதொளவென்று தூக்கிக்கொண்டு நிற்கும்.

கெட்டி அட்டைக்கு மேல் தாள் ஒட்டுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. ஒட்டிய மறுநாள் அட்டை அப்பளம் போல் வளைந்திருக்கும். பசை ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுப்பதால் வரும் வளைவு அது. உள்பக்கத்திலும் அதே கனத் தாளை ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகி நிமிர்ந்துவிடும். பிறகு பலகைக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்குழவியோ அரிசி மூட்டையோ ஏற்றி 2 நாள் விடுங்கள். பழைய செய்தித்தாளைச் சுற்றி வைத்து, காலையும் மாலையும் மாற்ற வேண்டும். ஃபேனுக்கு அடியில் திறந்து வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து மறுபடி வளையும். மைதா பசை மழைக்காலத்தில் மூன்றாம் நாளே பூசணம் பிடிக்கும். மயில்துத்தம் கலந்தால் பிடிக்காதுதான், ஆனால் குழந்தை கையில் போகிற நோட்டில் அந்த விஷம் எதற்கு? ஃபெவிகால் 4 பங்கு, தண்ணீர் 1 பங்கு போதும்.

மெழுகுவர்த்தி

பார்க்க எல்லாவற்றையும் விட எளிது, ஏமாற்றுவதிலும் முதலிடம். அரை கிலோ மெழுகில் 120 கிராம் பிடிக்கிற 4 கண்ணாடி டம்ளர் நிரப்பலாம். டம்ளரில் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிய, வேண்டிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். அந்த எடையில் பத்தில் ஒன்பது பங்கு மெழுகு வேண்டும். பார்த்த பிறகு டம்ளரைத் துடைத்தால் போதாது, நன்றாகக் காய வைக்க வேண்டும். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் எரிந்து கீழே வரும்போது படபடவென்று தெறிக்கும்.

அகல் விளக்குத் திரியை மெழுகில் போடாதீர்கள். அந்தத் திரி எண்ணெயை உறிஞ்சுவதற்காகத் தளர்வாக முறுக்கியது. மெழுகில் சாய்ந்து மூழ்கிவிடும். பின்னல் போட்ட திரிதான் எரியும்போது நுனி வளைந்து தானே கருகி உதிரும். வாங்கிய திரியை உருகிய மெழுகில் ஒருமுறை முக்கி நேராக இழுத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். திரியின் கனத்தை யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் ஊற்றி, மறுநாள் 3 மணி நேரம் எரித்துப் பாருங்கள். நடுவில் கிணறு தோண்டியது போல் இறங்கினால் திரி மெல்லியது. தீ உயர்ந்து புகைந்தால் தடித்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் பத்தையும் ஊற்றி முடித்துவிட்டுக் கையைப் பிசைகிறவர்கள்தான் அதிகம்.

வாசனைக்கு, உடம்பில் அடிக்கிற ஸ்ப்ரே சென்ட் கூடவே கூடாது. அதில் ஆல்கஹால் இருக்கிறது. மெழுகில் கலக்காது, தீப்பிடிக்கும். மெழுகுக்கென்று விற்கிற வாசனை எண்ணெய் 500 கிராமுக்கு 30 கிராம் போதும். அதற்கு மேல் ஊற்றினால் மேலே வியர்த்து நிற்கும். நிறத்துக்குக் குழந்தைகளின் கிரேயான் துண்டைப் போடுவதும் தவறு. அதன் வண்ணத்தூள் திரியில் அடைத்துக்கொண்டு தீயைச் சிறிதாக்கும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தில் வைத்து உருக்க வேண்டும். தப்பித் தவறித் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்கு எழும். பாரஃபின் மெழுகு ஆறும்போது சுருங்குவதால் திரியைச் சுற்றிக் குழி விழும். அதற்காகப் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, இறுகிய பிறகு இரண்டாம் முறை ஊற்றுங்கள்.

கொட்டாங்குச்சியில் ஊற்றுவது இப்போது பரவலாகிவிட்டது. படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கொட்டாங்குச்சி என்பது நாம் அடுப்பெரிக்கிற பொருள்.

சோப்பு

டிசம்பர் பிறந்துவிட்டதா? கிறிஸ்துமஸுக்கு காஸ்டிக் சோடா சோப்பு வேண்டாம். பொங்கலுக்கு என்றால், மாதத் தொடக்கத்திலேயே ஊற்றினால் சரியாக வரும்.

இதில் மிக ஆபத்தான தவறு மில்லிலிட்டரையும் கிராமையும் ஒன்றாக எண்ணுவது. தேங்காய் எண்ணெய் பாக்கெட்டில் 500 மி.லி. என்று இருந்தால் அதன் எடை சுமார் 460 கிராம்தான். 500 கிராம் எண்ணெய்க்கு, சோப்பாக மாறாமல் 5% எண்ணெய் மிஞ்சும்படி கணக்குப் போட்டால் 87 கிராம் காஸ்டிக் சோடா. அதையே 460 கிராம் எண்ணெயில் போட்டால் காரம் மிஞ்சிவிடும். எத்தனை வாரம் காய வைத்தாலும் தோல் எரியும். வெறும் தேங்காய் எண்ணெய் சோப்பு வழக்கமாகவே தோலை வறட்டும். அதனால் 20% எண்ணெய் மிஞ்சட்டும்: 500 கிராம் எண்ணெய், 73 கிராம் காஸ்டிக் சோடா, 150 கிராம் தண்ணீர். மூன்றையும் எடைதான் போட வேண்டும். காஸ்டிக் சோடாவைத் திறந்து வைத்தால் மழைக்காலக் காற்றில் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும். எடையில் தண்ணீரும் சேர்ந்து கணக்கு பொய்யாகும். கட்டி தட்டிய பழைய பாக்கெட் வேண்டவே வேண்டாம். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியும் வேண்டாம். அதில் வேறு சரக்கும் கலந்திருக்கும்.

தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது; காரம் அதை அரித்து, தீப்பிடிக்கிற வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் எடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் அவசியம், குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகும். ராத்திரி ஊற்றிக் காலையில் வெட்டலாம் என்று விட்டால் கத்தி பட்டதும் உதிரும். ஊற்றிய நான்கைந்து மணி நேரத்தில், இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெட்டுங்கள்.

நேரம் இல்லாதவர்கள் உருக்கி ஊற்றும் சோப் பேஸ் வாங்கலாம். அதில் பச்சைக் கற்றாழை, ரோஜா இதழ், புதினா போடாதீர்கள். பழுப்பாகி, பூசணமும் பிடிக்கும். இந்தச் சோப்பில் உள்ள கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் மேலே முத்து முத்தாக நீர் கோர்க்கும். கெட்டுப்போனதாக நினைத்துப் பலர் தூக்கிப் போடுகிறார்கள். கெடவில்லை, ஆறியவுடனே மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றாததன் விளைவு.

அகல், முந்திரி

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அகல் வாங்க வெகுதூரம் அலைய வேண்டாம். வாங்கியதும் வண்ணம் பூசினால் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் பெயின்டைத் தள்ளிச் செதில் செதிலாக உரிக்கும். இரண்டு நாள் அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்துக் காய்ந்த பிறகு பூசுங்கள். உள்பக்கத்திலும் திரி வைக்கும் மூக்கிலும் வண்ணம் வேண்டாம்.

பண்ருட்டி முந்திரிக்கு வருவோம். 240, 320 என்ற எண்கள் ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதைக் குறிப்பவை. எண் சிறியதானால் பருப்பு பெரியது, விலையும் பெரியது. மிளகு முந்திரி செய்ய முழுப் பருப்புக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. இரண்டாகப் பிளந்த பருப்பில்தான் மசாலா நன்றாகப் பிடிக்கும். 250 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் நெய், ஒரு டீஸ்பூன் இடித்த மிளகு, முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு. கனமான வாணலியில் சிறுதீயில் 10 நிமிடம். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் இறக்கிய பிறகும் சூட்டிலேயே சிவந்து கசக்கும். நிறம் மாறத் தொடங்கும்போதே இறக்கித் தாம்பாளத்தில் கொட்டிவிடுங்கள். கல் உப்பு ஒட்டாமல் பாட்டிலின் அடியில் போய்ச் சேரும்.

சூட்டோடு பாட்டிலில் போட்டால் மூடியில் ஆவி கோர்த்து நமத்துப்போகும். ஆறட்டும் என்று ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் மழைக்காற்றில் நமத்துப்போகும். புறங்கையில் வைத்தால் சூடு தெரியாத நேரம் பார்த்து உடனே அடைப்பதுதான் வழி. ஊறுகாய் பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் மூடியின் உள்வளையத்தில் மணம் ஒளிந்திருக்கும். பாட்டிலை வைத்துக்கொண்டு மூடியை மட்டும் புதிதாக வாங்குங்கள். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு என்பதால் என்ன போட்டது, எந்தத் தேதியில் வறுத்தது என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் அடுக்கிக் கொடுப்பவர்கள் முந்திரியையும் சோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரே ராத்திரியில் மிளகு முந்திரி மல்லிகை சோப்பு மாதிரி ருசிக்கும். நடுவில் நோட்டை வைத்தாலும் மணம் தடுக்கப்படாது, நோட்டுக்கும் சேர்த்து ஏறும். நோட்டு மணந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. முந்திரியைத் தனிப் பையில் போடுங்கள்.