தளத்துக்கு முப்பரிமாண வரைபடம்: சறுக்கும் இடங்கள்

பத்து வருடமாக எழுதிவரும் என் தளத்தில் 150 பக்கங்கள் சேர்ந்தபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு புள்ளியாக வைத்து, பக்கங்களுக்கு இடையே உள்ள இணைப்புகளைக் கோடுகளாக இழுத்து, வாசகர் உள்ளே புகுந்து சுற்றிவரக்கூடிய ஒரு முப்பரிமாண வரைபடம் செய்ய வேண்டும். கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. பிரவுசரில் முப்பரிமாணக் காட்சிகளை வரைய உதவும், 2010-இல் வெளிவந்த த்ரீ.ஜேஎஸ் நிரல் நூலகம் இருக்கிறது. அதன் மேல் கட்டிய, புள்ளிகளும் கோடுகளுமான வரைபடங்களுக்கென்றே உள்ள 3டி-ஃபோர்ஸ்-கிராஃப் இருக்கிறது. இரண்டும் இலவசம். பக்கங்களின் பட்டியலையும் இணைப்புகளின் பட்டியலையும் கொடுத்தால், பத்துப் பதினைந்து வரி நிரலிலேயே திரையில் ஏதோ ஒன்று மிதக்க ஆரம்பித்துவிடும்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வரைபடம் என்று சொன்னால், நேற்றுப் பார்த்த இடத்துக்கு இன்றும் வழி தெரிய வேண்டும். நான் செய்த தவறுகளும் மற்றவர் தளங்களில் கண்ட தவறுகளும் பெரும்பாலும் இதை மறந்ததால் வந்தவை.

மெனுவையும் சேர்த்து அள்ளிக்கொள்வது

முதல் தவறு படம் வரைவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, அதில் உள்ள எல்லா இணைப்புகளையும் எடுக்கச் சொல்கிறோம். மேலே மெனுவில் 8 இணைப்புகள் இருந்தால், 150 பக்கங்களுக்கு 1200 கோடுகள் ஆயிற்று. அவற்றில் ஒன்றுகூட நீங்கள் யோசித்துப் போட்டதில்லை. கட்டுரைக்குள் "இதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்" என்று கையால் போட்ட இருநூற்றுச் சொச்சம் இணைப்புகள் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். எல்லாப் பக்கமும் "என்னைப் பற்றி" பக்கத்தை நோக்கி இழுக்கப்பட்டு, நடுவில் சிக்குப் பிடித்த நூல்கண்டு ஒன்று நிற்கும்.

எனவே கட்டுரையின் உடல் பகுதியில் உள்ள இணைப்புகளை மட்டும் எடுங்கள். மெனு, அடிக்குறிப்பு, "அடுத்த பதிவு, முந்தைய பதிவு", குறிச்சொல் பக்கங்கள் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். என் தளத்தில் இதைச் செய்த அன்றுதான், எந்தக் கட்டுரை எதிலிருந்து கிளைத்தது என்பது எனக்கே முதன்முதலாகத் தெரிந்தது.

அடுத்தது, ஒரே பக்கம் இரண்டு புள்ளிகளாக நிற்பது. முகவரியின் கடைசியில் சாய்கோடு இருப்பதும் இல்லாததும், முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ இருப்பதும் இல்லாததும் ஸ்கிரிப்டுக்கு வேறு வேறு முகவரிகள். தமிழில் முகவரி வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். அதைச் சதவீதக் குறிகளால் எழுதினால் 9 எழுத்து. 'தமிழ்' என்ற சொல் மட்டும் முகவரியில் 45 எழுத்துகளாக நீண்டுவிடும். ஓரிடத்தில் தமிழாகவும் இன்னோரிடத்தில் சதவீதக் குறிகளாகவும் இணைப்புக் கொடுத்திருந்தால், வரைபடத்தில் அந்தக் கட்டுரை இரட்டையாக நிற்கும். அதோடு, 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒப்பிடுவதற்கு முன் எல்லா முகவரிகளையும் தமிழாக விரித்து, இப்படிப்பட்ட இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் செயற்கூறு வழியாக ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

எந்த இணைப்பும் இல்லாத தனிப் பக்கங்கள் சில மிஞ்சும். புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் அவை வெகுதூரம் போய் நிற்கும். தொல்லை என்று நீக்கிவிடாதீர்கள். மையத்தை நோக்கி மெல்லிய இழுவிசை ஒன்றைச் சேர்த்தால் அருகிலேயே தங்கும்.

திறக்கும்போதெல்லாம் புது ஊர்

எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் தவறு இது. இந்த நூலகங்கள் புள்ளிகளின் இடத்தை விசைகளைக் கொண்டு கணக்கிடுகின்றன. இணைந்தவை இழுத்துக்கொள்ளும், மற்றவை தள்ளிக்கொள்ளும், சுமார் 300 சுற்றுக்குப் பிறகு எல்லாம் அடங்கும். பலரும் இந்தக் கணக்கை வாசகரின் பிரவுசரிலேயே ஓட விடுகிறார்கள். பக்கம் திறந்ததும் எல்லாம் துள்ளிக் குதித்து அடங்குவது பார்க்க வேடிக்கையாக இருக்கும், அதனால் அப்படியே விட்டுவிடத் தோன்றும்.

சிக்கல் அடுத்த பதிவு எழுதும்போது வரும். புள்ளிகள் முதலில் எங்கே நிற்கும் என்பது பட்டியலில் அவற்றின் வரிசை எண்ணைப் பொறுத்தது. புதிய பதிவு பட்டியலின் தலையில் வந்து உட்கார்ந்தால், மற்ற எல்லாப் பக்கங்களின் எண்ணும் ஒன்று தள்ளிப்போகும். கணக்கு வேறு இடத்தில் தொடங்கும், வேறு இடத்தில் முடியும். நேற்று இடப்பக்கம் இருந்த பயணக் கட்டுரைகள் இன்று பின்னால் போயிருக்கும். வாசகர் ஒருமுறை கற்ற வழி வீணாகிவிட்டது.

இடம் மாறாமல் இருப்பதுதான் எல்லாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1998-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் டேட்டா மவுண்டன் என்று ஒன்று செய்து பார்த்தார்கள். சாய்ந்த நிலப்பரப்பு போன்ற ஒரு திரையில் 100 வலைப்பக்கங்களின் சிறுபடங்களை மக்களே தங்களுக்குப் பிடித்த இடத்தில் வைத்தார்கள். பிறகு தேடச் சொன்னபோது, அன்றைய பிரவுசரின் புக்மார்க் பட்டியலைவிட அதில் வேகமாகக் கண்டுபிடித்தார்கள். தாங்களே வைத்த இடம், வைத்தபடியே இருந்தது.

என் தீர்வு எளிமையானது. கணக்கை என் கணினியிலேயே ஓட்டி, ஒவ்வொரு புள்ளியின் இடத்தைக் குறிக்கும் மூன்று எண்களையும் ஒரு ஜேசன் தரவுக் கோப்பில் சேமித்துவிடுகிறேன். புதிய பதிவு வரும்போது பழைய புள்ளிகளை, இடத்தை நிலையாக்கும் எஃப்எக்ஸ், எஃப்ஒய், எஃப்இசட் என்ற மதிப்புகளால் ஆணியடித்து வைத்து, புதியதை மட்டும் அலைய விட்டு இடம் பிடிக்கச் செய்கிறேன். வாசகரின் பிரவுசர் எதையும் கணக்கிடுவதில்லை, சேமித்ததை வரைகிறது, அவ்வளவுதான். போனிலும் சட்டென்று திறக்கிறது.

மூன்றாவது பரிமாணம் எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் தொடங்குவதும் தவறு. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் காக்பர்ன், மெக்கென்ஸி இருவரும் 2002-இல் இதே கேள்வியைச் சோதித்தார்கள். மூன்றாவது பரிமாணத்தில் இஷ்டம்போல வைக்கும் சுதந்திரம் கூடக்கூட, பக்கங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேகம் குறைந்தது. ஆழம் என்பது சும்மா வருவதில்லை, வாசகரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டுதான் வருகிறது. பதிலுக்கு அந்த ஆழம் வாசகருக்கு எதையாவது சொல்ல வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம், கணினியின் கோப்புகளை முப்பரிமாணத்தில் காட்டும் எஃப்எஸ்என் என்ற மென்பொருளைத் தந்தது. 1993-இல் வந்த ஜுராசிக் பார்க் படத்தில் சிறுமி ஒருத்தி கணினியில் பறந்து பறந்து கோப்பைத் தேடுவாளே, அதுதான். அதில் கோப்பின் அளவு பெட்டியின் உயரமாகவும் வயது நிறமாகவும் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருந்தது.

நான் உயரத்தைக் காலத்துக்குக் கொடுத்தேன். அகழாய்வுக் குழியில் இருப்பது போல, அடியில் பழையவை, மேலே புதியவை. கிடைமட்டத்தில் மட்டும் விசைகள் தீர்மானிக்கின்றன. புதிய கட்டுரையிலிருந்து பழைய கட்டுரைக்குக் கொடுத்த இணைப்பு இப்போது கீழே இறங்கும் கோடாகத் தெரிகிறது. கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: முக்கியமான பக்கத்துக்குப் பெரிய புள்ளி என்று வைத்தால் குழப்பமே மிஞ்சும். தூரத்தில் இருக்கும் பெரியதும் அருகில் இருக்கும் சிறியதும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். அதற்கு நிறத்தைப் பயன்படுத்துங்கள், அல்லது லேபிளைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கேமரா

3டி-ஃபோர்ஸ்-கிராஃப் தானாகவே டிராக்பால் முறையில்தான் வரும். மவுஸை இழுத்தால் எந்தப் பக்கமும் உருளும், தலைகீழாகவும் போகும். உயரத்துக்குப் பொருள் கொடுத்த பிறகு மேல் கீழ் தெரியாமல் போனால் என்ன பயன்? ஆர்பிட் முறைக்கு மாற்றுங்கள், அடிவானம் நேராகவே இருக்கும். தானாகச் சுழலும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு புள்ளியை நினைவில் வைக்க முயலும்போதே அது நகர்ந்துகொண்டிருந்தால் யாராலும் பழக முடியாது. சிலருக்குத் தலைசுற்றலும் வரும். அசைவு வேண்டாம் என்று தன் கருவியில் அமைத்திருக்கும் வாசகருக்குக் கேமரா பறந்து போகக் கூடாது, நேராகப் போய் நிற்க வேண்டும்.

இழுப்பதையும் சொடுக்குவதையும் பிரித்தறியாமல் விடுவது எரிச்சலைத் தரும். சுற்றிப் பார்க்க இழுத்துவிட்டு விரலை எடுத்தால் ஏதோ ஒரு கட்டுரை திறந்துகொள்கிறது. அழுத்திய இடத்துக்கும் விட்ட இடத்துக்கும் ஐந்தாறு பிக்சலுக்கு மேல் தூரம் இருந்தால் அதைச் சொடுக்காகக் கொள்ளாதீர்கள். அப்புறம், கட்டுரையைப் படித்துவிட்டுப் பின்செல்லும் பொத்தானை அழுத்தும் வாசகர் விட்ட இடத்திலேயே வந்து நிற்க வேண்டும். கேமராவின் இருப்பிடத்தை பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பிடமான செஷன் ஸ்டோரேஜில் எழுதி வைத்தால் போதும், நாலு வரி வேலை.

போனில் பார்க்கும்போது வரைபடத்தின் இரு ஓரமும் வெட்டுப்படும். த்ரீ.ஜேஎஸ் கேமராவின் கோணம் செங்குத்துக் கோணம், இயல்பாக 50 டிகிரி. அகலத்தைவிட உயரம் இரு மடங்கான திரையில் கிடைமட்டக் கோணம் சுமார் 26 டிகிரிதான். திரை குறுகலாக இருந்தால் கேமராவைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துங்கள்.

தமிழ் லேபிள்

ஆங்கிலத்தில் இருக்கும் பாடங்களைப் பார்த்து, த்ரீ.ஜேஎஸ்ஸில் முப்பரிமாண எழுத்துகளை உருவாக்கும் டெக்ஸ்ட் ஜியாமெட்ரி கொண்டு லேபிள் போட்டால் தமிழ் உடைந்து வரும். அது குறியீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கும். 'கெ' என்றால் முதலில் ககரம், அதற்குப் பின்னால் கொம்பு. பிரவுசர் செய்வது போல இடம் மாற்றிச் சேர்க்கத் தெரியாது. எனவே லேபிளை த்ரீ.ஜேஎஸ்ஸோடு வரும் சிஎஸ்எஸ்2டி ரெண்டரர் மூலம் சாதாரண ஹெச்டிஎம்எல் எழுத்தாகவே மேலே மிதக்க விடுங்கள், அல்லது பிரவுசரின் வரைபலகையான கேன்வாஸில் எழுதிப் படமாக ஒட்டுங்கள். கேன்வாஸ் வழியில் போனால் எழுத்துரு வந்து சேரும்வரை காத்திருந்து எழுதுங்கள். முந்திக்கொண்டால் வேறு எழுத்துருவில் பதிந்துவிடும், பிறகு தானாக மாறாது.

மவுஸை மேலே கொண்டுபோனால்தான் பெயர் தெரியும் என்று வைப்பதும் கூடாது. போனில் மவுஸ் ஏது? 150 பெயர்களையும் ஒரே நேரத்தில் காட்டவும் முடியாது. அதிக இணைப்பு உள்ள பத்துப் பன்னிரண்டு பக்கங்களின் பெயரை எப்போதும் காட்டி, மற்றவற்றை நெருங்கும்போது காட்டலாம்.

வேகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அசைவு இல்லாதபோது மறுபடி மறுபடி வரையாதீர்கள், பேட்டரி மிஞ்சும். திரையின் ஒரு அலகு நீளத்துக்கு எத்தனை பிக்சல் வரைவது என்ற பிக்சல் விகிதத்தை 2-க்கு மேல் விடாதீர்கள், 3 என்றால் விகிதம் 1-இல் வரைவதைவிட 9 மடங்கு பிக்சல்.

வரைபடத்துக்குக் கீழே எல்லாப் பக்கங்களையும் ஆண்டுவாரியாகச் சாதாரணப் பட்டியலாகவும் கொடுங்கள். கேன்வாஸுக்குள் இருப்பது திரைவாசிப்பானுக்குத் தெரியாது. பார்வையற்ற வாசகருக்கு அந்தப் பட்டியல்தான் தளம்.

எல்லாம் முடிந்த பிறகு என் அக்காவிடம் போனைக் கொடுத்து, அம்மாவின் ரசப்பொடி பற்றி எழுதிய கட்டுரையைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அன்று மூன்று நிமிடம் தேடினார். மறுநாள் நடுவில் இரண்டு புதிய பதிவுகளைச் சேர்த்துவிட்டு மறுபடி கேட்டேன். "அது கீழ, கிணத்துக் கட்டுரைக்குப் பக்கத்துல இருந்துச்சே" என்று சொல்லிக்கொண்டே விரலால் திருப்பி, நேராக அங்கே போய்த் தொட்டார்.