400 மீட்டர்ல கடைசி 100ல கால் செத்துப்போகுதா?

400 ஓடுற எல்லாருக்கும் தெரியும், ரெண்டாவது கர்வ் முடிஞ்சு ஸ்ட்ரெய்ட்டுக்குள்ள வரும்போது அதுவரைக்கும் பறந்துட்டு இருந்த காலு திடீர்னு சேத்துல நடக்குற மாதிரி ஆயிடும். என் முதல் ரேஸ்ல முதல் 200ஐ 25 செகண்ட்ல அடிச்சேன், அதுதான் அப்ப என்னோட பெஸ்ட்டே, முடிச்சது 61ல, முடிச்சுட்டு லாங் ஜம்ப் மணல் ஓரமா குனிஞ்சு காலைல தின்ன இட்லிய அப்படியே வாந்தி எடுத்தேன். ஸ்டாமினா பத்தலன்னு எல்லாரும் சொன்னாங்க. தப்பு அங்க இல்ல, முதல் 200லயே நடந்துடுச்சு.

தசை சுருங்க ஏடிபி வேணும், அதுதான் செல்லுக்குள்ள எனர்ஜி குடுக்குற மூலக்கூறு. ரெடியா இருக்குற ஏடிபி ரெண்டு மூணு செகண்டுக்குத்தான் வரும். அத உடனே ரீசார்ஜ் பண்ண கிரியேட்டின் பாஸ்பேட் இருக்கு, முழு வேகத்துல ஓடினா அதுவும் 10 செகண்டுக்குள்ள பெரும்பாலும் காலி. அடுத்து கிளைகோஜன்ல, அதாவது தசைல சேத்து வச்ச இருப்புல, இருக்குற சர்க்கரைய ஆக்சிஜனுக்கு காத்திருக்காம ஒடைக்குறது, வேகமா கிடைக்கும் ஆனா வரவு ரொம்ப கம்மி, ஒரு குளுக்கோஸுக்கு 2 இல்ல 3 ஏடிபிதான், ஆக்சிஜனோட எரிச்சா 30 கிட்ட வரும் ஆனா அது மெதுவா வரும். ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணுன்னு இல்ல, எல்லாமே முதல்லேர்ந்தே ஓடும், பங்குதான் மாறும். 400ல கூட கிட்டத்தட்ட 40 சதவீதம் ஆக்சிஜன் வழியாத்தான் வருது.

சரி, கால் ஏன் சாகுது? எல்லாரும் லேக்டிக் ஆசிட்னு திட்டுவாங்க, உடம்புக்குள்ள அது லேக்டேட்டாத்தான் இருக்கு, பாவம், அத இதயமே எரிபொருளா எடுத்துக்கும். சர்க்கரைய வேகமா ஒடைக்கும்போது ஹைட்ரஜன் அயனி சேர்ந்து தசையோட பிஹெச் 7லேர்ந்து 6.5 பக்கம் இறங்குது, அதாவது அமிலத்தன்மை ஏறுது, கூடவே கிரியேட்டின் பாஸ்பேட் ஒடஞ்சு மிஞ்சின பாஸ்பேட்டும் சேர்ந்து தசை நாரோட பிடிய தளர்த்திடுது. மனசு எவ்ளோ கத்தினாலும் கால் அழுத்தாது.

இதுலேர்ந்து யாரும் தப்பிக்க முடியாது, 2016 ரியோல எட்டாவது லேன்ல ஓடி 43.03ல உலக சாதனை வச்ச தென்னாப்பிரிக்க வீரர் வேய்ட் வான் நீகெர்க்குக்கே ரெண்டாவது 200 ரெண்டு செகண்ட் கிட்ட அதிகமாச்சு. அதனால நாம பாக்க வேண்டியது எவ்ளோ கம்மியா ஸ்லோ ஆகுறோம்னுதான்.

முதல் 50 மீட்டர் தயங்காம அடிங்க, கிரியேட்டின் பாஸ்பேட்ட சேத்து வச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. முதல் கர்வ் முடிஞ்சு வர்ற பேக் ஸ்ட்ரெய்ட்ல வேகத்த விடாம தோள், தாடைய மட்டும் லூஸ் பண்ணுங்க. 200ஐ, தனியா 200 ஓடுறப்போ உங்களுக்கு இருக்குற பெஸ்ட்ட விட ஒண்ணுலேர்ந்து ஒன்றரை செகண்ட் மெதுவா கடக்கணும், 25ன்னா 26, 26.5. அந்த இடத்துல ஒரு ஃப்ரெண்ட நிக்க வச்சு டைம் கத்தச் சொல்லுங்க, ஏன்னா அப்ப உடம்பு ஃப்ரெஷ்ஷா இருக்கும், உங்க கணக்கு கண்டிப்பா பொய் சொல்லும். 300 தாண்டினதும் ஸ்டெப்ப நீட்டி வைக்காதீங்க, அப்பதான் தள்ளாட்டம் ஆரம்பிக்கும், கைய வேகமா வீசி குட்டி குட்டி ஸ்டெப்பா வைங்க.

ப்ராக்டிஸ்ல 60 மீட்டர் ஸ்பிரிண்ட்டுக்கு நடுவுல 3லேர்ந்து 5 நிமிஷம் ரெஸ்ட் வேணும், கிரியேட்டின் பாஸ்பேட் திரும்பி வர அவ்ளோ நேரமாகும், சீக்கிரம் கிளம்பினீங்கன்னா வேற ட்ரெய்னிங் ஆயிடும். கடைசி 100க்குன்னே வாரத்துல ஒரு நாள் 300 மூணு தடவ, நடுவுல 10 நிமிஷம்.

முடிச்சதும் பொத்துன்னு படுக்காம ஒரு 10 நிமிஷம் மெதுவா ஜாக் பண்ணுங்க, லேக்டேட் சீக்கிரம் இறங்கும், சும்மா உக்காந்தாலும் ஒரு மணி நேரத்துல ஏறக்குறைய போயிடும். அப்ப மறுநாள் படி இறங்கும்போது தொடை வலிக்குதே அதுன்னு கேட்டா, அது தசை நார்ல விழுந்த சின்னச் சின்ன சேதம், லேக்டிக் ஆசிட்ட பிழிஞ்சு எடுக்குறேன்னு மசாஜுக்கு காசு கேட்டா குடுக்காதீங்க.