போர்ட் வைனுக்கு நம்மூர்ப் பலகாரம்

போர்ட் வைன் பாட்டில் கைக்கு வந்ததும் முதல் வேலை, அதை ஃபிரிஜ்ஜுக்குள் வைப்பது. சிவப்பு வைனை அறையின் வெப்பத்திலேயே குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மத்தியானம் 30 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழவாசனை அமுங்கிப்போகும். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு எடுத்து வெளியே வையுங்கள், போதும்.

நெடி ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. போர்த்துகலின் டோரோ பள்ளத்தாக்கில், 1756லேயே எல்லை வகுக்கப்பட்ட பகுதியில், இதைச் செய்கிறார்கள். திராட்சைச் சாறு பாதி நொதிக்கும்போதே, 77 சதவீத வலுவுள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவார்கள். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும், மதுவின் அளவும் 20 சதவீதம் வரை போய்விடும். அதனால் சின்னக் கிளாஸில் 60 மில்லி ஊற்றினாலே ஒருவருக்குத் தாராளம்.

கடையில் பெரும்பாலும் கிடைப்பவை ரூபி, டானி என்ற இரண்டு வகைகள். ரூபியைக் காற்றுப்படாமல் பெரிய தொட்டிகளில் வைப்பதால் கறுஞ்சிவப்பு நிறமும் பழச்சுவையும் மாறாமல் இருக்கும். டானி சின்ன மரப்பீப்பாய்களில் வருடக்கணக்கில் மெல்லக் காற்று வாங்கி, பழுப்பேறி, வறுத்த கொட்டை, அத்திப்பழம், காய்ச்சிய சர்க்கரை என்று வேறு வாசனைக்குப் போய்விடும். ரூபிக்கு 70 சதவீத டார்க் சாக்லேட்டோ, நீலப் பூஞ்சை படர்ந்த சீஸோ வையுங்கள். சீஸின் உப்பு வைனின் இனிப்பை அளவாக்கிவிடும்.

ஆனால் நம் ஊர்ப் பலகாரங்களுக்கு என்னைக் கேட்டால் டானிதான், அதுவும் 10 வருட டானி. தேங்காய்த் துருவலில் புரட்டிய, உள்ளே வெல்லம் வைத்த அரிசிமாவு உருண்டையான ஒண்டே ஒண்டேயோடு குடித்துப் பாருங்கள். அன்று செய்ததாக இருக்க வேண்டும், ஃபிரிஜ்ஜில் வைத்தால் மாவு இறுகிவிடும். உருண்டையை முழுசாக வாயில் போட்டு வாயை மூடிக் கடியுங்கள். உள்ளே உருகியிருக்கும் குலா மெலாக்கா வெல்லம் வெடித்து, அதன் புகைவாசனையும் லேசான உப்பும் நாக்கில் பரவும். தேங்காய்த் துருவலை மென்றுகொண்டிருக்கும்போதே ஒரு மிடறு டானி. அந்த வெல்லமும் பீப்பாயில் பழுத்த வைனும் ஒரே வாசனைக் குடும்பம் என்பது அப்போது தெரியும். அதிரசத்துக்கும் இதே பொருத்தம்தான், வெல்லமும் ஏலக்காயும் டானிக்கு நன்றாக இடம் கொடுக்கும். அப்புறம், காரம் போடாத வெண்ணெய் முறுக்கு! இனிப்பு பிடிக்காதவர்களுக்கு அதைத்தான் வைப்பேன்.

ஒரு விதி: பலகாரத்தின் இனிப்பு வைனைத் தாண்டக்கூடாது. பாகில் ஊறிய குலாப் ஜாமுனைத் தின்றுவிட்டுக் குடித்தால் நல்ல டானிகூடப் புளித்து, நீர்த்துத் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு மிடறு, ஒரு கடி, மறுபடி ஒரு மிடறு. இரண்டாவது மிடறு முதலாவதைவிடச் சப்பென்று இருந்தால் அந்தத் தட்டை விலக்கிவிடுங்கள்.

காரமான மட்டன் பிரட்டலோடு மட்டும் ஊற்றாதீர்கள். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்புமுனைகளை மதுவும் தூண்டும், வாய் பற்றி எரியும். சாப்பாடு முடிந்து, வாய் ஆறிய பிறகு எடுங்கள்.

மீந்ததை மூடி ஃபிரிஜ்ஜில் வைத்தால் ரூபி ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். ஏற்கெனவே காற்றுக்குப் பழகிய டானி ஒரு மாதம்கூட இருக்கும். வின்டேஜ் (ஒரே வருட அறுவடையில் செய்தது) என்று போட்ட பாட்டில் கிடைத்திருந்தால் கதை வேறு: முதல் நாளே நிமிர்த்தி வைத்து, மண்டி அடியில் தங்கியபின் மெதுவாக வேறு ஜாடிக்கு வடித்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஒரு பாட்டில் 12 பேருக்கு வரும். கூட்டம் பெரியது என்றால் இரண்டாவதையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், இரவு 10.30க்குமேல் கடைகளில் விற்க மாட்டார்கள்.